ஒரு முறைக்கு இரண்டு நகர்த்தல்: சதுரங்க விதியை நீங்களே மாற்றிப் பாருங்கள்

“இப்போது மட்டும் எனக்கு இன்னொரு நகர்த்தல் கிடைத்தால்!” சதுரங்கம் ஆடும் எவருக்கும் இந்த ஆசை ஒருமுறையாவது வந்திருக்கும். உங்கள் ராணி சரியான இடத்துக்கு வந்துவிட்டாள். எதிராளியின் ராஜா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறார். ஆனால் முறை மாறிவிட்டது, அவர் தப்பித்துவிடுவார்.

அந்த ஆசையையே விதியாக்கினால் என்ன? ஒவ்வொரு முறையும் ஆளுக்கு இரண்டு நகர்த்தல்!

மாணவர்களே, பள்ளிச் சதுரங்கக் கழகத்தில் இப்படியொரு யோசனையைச் சொல்லிப் பாருங்கள். “அதெல்லாம் உண்மையான சதுரங்கம் இல்லை, போட்டிக்குத் தயாராகு” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஒரு விளையாட்டின் விதியை மாற்றிப் பார்ப்பது நேர விரயம் அன்று. ஒரு பலகையும் 32 காய்களும் மட்டுமே தேவைப்படும் மிக மலிவான அறிவியல் சோதனை அது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விதியை மாற்றுபவர் அதனால் வரும் விளைவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். தம் விளையாட்டுக்கு நேர்மையான பெயரும் வைக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் “புது கேம் கண்டுபிடித்துவிட்டேன்” என்று சொல்வதில் பெருமை இல்லை.

‘உண்மையான சதுரங்கம்’ எது?

நாம் இன்று ஆடும் சதுரங்கமே பலமுறை விதி மாற்றப்பட்ட ஒன்றுதான். பழைய ஆட்டத்தில் ராஜாவின் அருகில் ராணி இல்லை; அமைச்சர்தான் இருந்தார். அவரால் ஒரு கட்டம், அதுவும் குறுக்காக மட்டுமே நகர முடியும். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அந்தக் காய்க்கு இன்றைய பெரும் ஆற்றல் தரப்பட்டது. அன்றைய பெரியவர்கள் சிலரும் “இது உண்மையான சதுரங்கம் இல்லை” என்று முணுமுணுத்திருப்பார்கள்.

சிப்பாயைப் பாருங்கள். அது முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம் என்பதும் ஆட்டத்தை விரைவுபடுத்தப் பின்னாளில் சேர்க்கப்பட்ட விதிதான். ஆனால் அந்தச் சலுகை ஒரு சிக்கலை உண்டாக்கியது. காவலுக்கு நிற்கும் எதிரிச் சிப்பாயின் பிடியில் அகப்படாமல், இரண்டு கட்டம் தாவிப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம். அதைச் சரிசெய்யத்தான் ‘ஆன் பாசான்’ என்ற விதி வந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் ‘போகிற போக்கில்’ என்று பொருள். புதிதாக ஆடக் கற்பவர்கள் எல்லாரும் “இது எதற்கு?” என்று விழிக்கும் அந்த விதி, இன்னொரு விதியின் பக்கவிளைவுக்குத் தரப்பட்ட மருந்து.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம் இது: விதி ஒன்றைச் சேர்த்தால் வேலை முடிந்துவிடாது. அது எதை உடைக்கிறது என்று தேடுவதிலிருந்துதான் வேலையே தொடங்குகிறது.

ஏற்கெனவே ஆடிப் பார்த்தவர்கள்

இரட்டை நகர்த்தல் நமக்கு மட்டும் தோன்றிய யோசனை அன்று. 1925இல் பிரான்ஸின் துறைமுக நகரமான மார்செய்யில் இப்படியோர் ஆட்டத்தின் விதிகள் அறிமுகமாயின. ‘மார்செய் சதுரங்கம்’ என்றே அதற்குப் பெயர். உலக வெற்றியாளர் அலெக்சாந்தர் அலெகைன்கூட அதை ஆடியிருக்கிறார். 1957இல் ஃப்ரெட் கால்வின் என்பவர் இன்னொரு வடிவத்தை உருவாக்கினார்.

இரண்டும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை சொல்கின்றன. முதல் நகர்த்தலில் ‘செக்’ வைத்துவிட்டு, இரண்டாவது நகர்த்தலில் ராஜாவையே வெட்டிவிடலாமா? “செக் வைத்தால் உன் முறை அங்கேயே முடிந்தது” என்கிறது மார்செய் விதி. கால்வினின் விதியோ “செக் என்பதே கிடையாது, ராஜாவை வெட்டுபவர் வென்றார்” என்கிறது. யோசனை ஒன்றுதான், ஆனால் ஆட்டம் இரண்டு. இதை நினைவில் வையுங்கள், பெயர் வைக்கும்போது தேவைப்படும்.

என்னென்ன உடைகிறது?

கால்வினின் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளை தன் ராணிப் பக்கக் குதிரையை முதல் முறையிலேயே இருமுறை பாயவிட்டு, பலகையின் நடுவில், ராணியின் நேர்வரிசையில் ஐந்தாவது கட்டத்தில் நிறுத்துகிறது. வழக்கமான ஆட்டத்தில் இது ஒரு மிரட்டலே இல்லை. இங்கேயோ, அடுத்த முறை அந்தக் குதிரை ஒரே பாய்ச்சலில் கருப்பின் மந்திரிக்கு முன்னிற்கும் சிப்பாயை வெட்டி, மறு பாய்ச்சலில் ராஜாவையே வெட்டிவிடும். ஆட்டம் தொடங்கிய உடனேயே ராஜா ஆபத்தில்! கருப்பு என்ன செய்யலாம்? ராஜாவுக்கு முன்னிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அதே முறையில் அந்தச் சிப்பாயாலேயே குறுக்காகக் குதிரையை வெட்டலாம். பலகையை எடுத்து வைத்து நகர்த்திப் பாருங்கள். ‘பாதுகாப்பான தூரம்’ பற்றி நாம் பழகிய கணக்கெல்லாம் தவறிப்போவது தெரியும்.

அடுத்து உடைவது ‘காவல்’. வழக்கமான ஆட்டத்தில் ஒரு சிப்பாய்க்கு இன்னொரு காய் காவல் நின்றால், ராணியால் அதை வெட்டத் துணிய முடியாது. வெட்டினால் ராணி போய்விடும். இரட்டை நகர்த்தலில் அந்த அச்சமே இல்லை. ராணி சிப்பாயை வெட்டிவிட்டு, அதே முறையில் வீடு திரும்பிவிடுவாள். பூனை பாலைக் குடித்துவிட்டு ஓடுவதுபோல! காவல் என்ற கருத்தின் மீதுதான் சதுரங்கத்தின் பாதித் திட்டமிடல் நிற்கிறது. அது போனால் ஆட்டம் வெறும் ‘வெட்டு, ஓடு’ என்று ஆகிவிடும்.

மூன்றாவது, எண்ணிக்கை. வழக்கமான ஆட்டத்தின் நடுப்பகுதியில் ஒரு முறைக்குச் சுமார் 35 நகர்த்தல்கள் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. நான் ஒன்று, எதிராளி ஒன்று என்று யோசித்தால் 35 × 35 = 1,225 வழிகள். இரட்டை நகர்த்தலில் என் முறைக்கு மட்டுமே 1,225 வழிகள்; எதிராளியின் பதிலையும் சேர்த்தால் 1,225 × 1,225 = 1,500,625. நகர்த்தும் வரிசை மாறினாலும் பல சமயம் ஒரே நிலைதான் வரும் என்பதால் உண்மையான நிலைகள் இதைவிடக் குறைவு. அப்படியிருந்தும், மனித மூளைக்கு ஒரு படி முன்னால் பார்ப்பதே பெரும்பாடாகிவிடும்.

யாருக்கு அநியாயம்?

ஒரு விதியைப் பற்றிக் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி இதுதான். வெள்ளை எப்போதும் முதலில் தொடங்குகிறது. வெள்ளையின் நகர்த்தல்களிலிருந்து கருப்பின் நகர்த்தல்களைக் கழித்து, ஒவ்வொரு முறை முடிந்ததும் எழுதிப் பாருங்கள். வழக்கமான ஆட்டத்தில் 1, 0, 1, 0 என்று வரும். இரட்டை நகர்த்தலில் 2, 0, 2, 0. கருப்பு ஒருபோதும் முந்துவதில்லை; வெள்ளையின் சாதகம் இரட்டிப்பாகிவிடுகிறது.

இதைக் கணிதமாகவே நிறுவலாம். கால்வினின் வடிவத்தில், வெள்ளை எப்படி ஆடினாலும் தோற்கடிக்கும் ஓர் உத்தி கருப்பிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெள்ளை தன் முதல் முறையில் குதிரையை வெளியே எடுத்து, அதே கட்டத்துக்குத் திருப்பி வைக்கிறது. பலகை தொடக்கத்தில் இருந்தபடியே இருக்கிறது. ஆனால் இப்போது கருப்புதான் ‘முதலில்’ ஆட வேண்டும். அந்த வெல்லும் உத்தி இப்போது வெள்ளையின் கையில்! அப்படியென்றால் இருவரும் வெல்ல வேண்டும்; அது நடக்காத காரியம். ஆகவே கருப்புக்கு அப்படியோர் உத்தி இருக்கவே முடியாது. சரியாக ஆடினால் வெள்ளைக்குக் குறைந்தது சமநிலையாவது உறுதி. ஒரு நகர்த்தலைக்கூடக் கணக்கிடாமல் முழு ஆட்டத்தைப் பற்றியும் ஓர் உண்மையைக் கண்டுவிட்டோம். கணிதவியலாளர்கள் இதை ‘உத்தித் திருட்டு’ வாதம் என்கிறார்கள்.

இதற்கு மருந்து என்ன? வெள்ளையின் முதல் முறையில் மட்டும் ஒரே நகர்த்தல்; அதன்பின் இருவருக்கும் இரண்டிரண்டு. இப்போது கணக்கு 1, −1, 1, −1 என்று வரும். ஒருமுறை வெள்ளை முந்தும், மறுமுறை கருப்பு முந்தும். குதிரையை எடுத்து வைத்துத் திரும்பும் தந்திரமும் முதல் முறையில் பலிக்காது. மார்செய் சதுரங்கத்துக்கும் இப்படித் திருத்திய வடிவம் ஒன்று உண்டு. தைவான் பேராசிரியர் ஐ-சென் வூ உருவாக்கிய ‘கனெக்ட் சிக்ஸ்’ விளையாட்டின் அடிப்படையும் இதுதான். முதலில் ஒரு காய், பிறகு ஆளுக்கு இரண்டிரண்டு காய். ஆறு காய்களை ஒரே வரிசையில் சேர்ப்பவர் வெல்வார்.

நம் ஆட்டத்தைச் செய்வோம்

இனி ‘வெட்டு, ஓடு’ சிக்கலைத் தீர்க்க வேண்டும். என் பரிந்துரை எளிமையானது: ஒரு முறையில் வரும் இரண்டு நகர்த்தல்களையும் இரண்டு வெவ்வேறு காய்கள் செய்ய வேண்டும். வெட்டிய ராணி அங்கேயே நிற்க வேண்டியதுதான். காவலுக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது.

ஆனால் மகிழ்ச்சியில் துள்ளுவதற்குமுன் மூலை முடுக்குகளைத் தேடுங்கள். ஒருவரிடம் ராஜா மட்டுமே மிஞ்சினால்? இரண்டாவது காய் இல்லையே! நகர்த்தக்கூடிய காய் ஒன்றுதான் என்றால் ஒரே நகர்த்தல் போதும் என்று எழுதுங்கள். ராஜாவும் கோட்டையும் ஒன்றாக நகரும் ‘கேஸ்லிங்’? அதை ஒரு நகர்த்தலாகக் கொண்டு, அந்த இரு காய்களும் அந்த முறையில் மறுபடி நகரக் கூடாது என்று எழுதுங்கள். வழியில் நிற்கும் தன் குதிரையை விலக்கிவிட்டு, பின்னாலிருக்கும் கோட்டையால் ராஜாவை வெட்டலாமா? செக் இல்லாத ஆட்டம் என்றால் வெட்டலாம். அந்த ஆபத்தைக் கவனிப்பதுதான் இந்த ஆட்டத்தின் புதிய திறமை.

இவற்றை ஆட்டம் தொடங்குமுன் எழுதி வைப்பது முக்கியம். எழுதாத விதி, சண்டை வரும்போது குரல் உயர்ந்தவரின் பக்கம் சாயும். தம்பியுடன் ஆடும்போது பாதியில் “அப்படிச் செய்யக் கூடாது, இது புது விதி” என்று அண்ணன் சொல்வது வடிவமைப்பு ஆகாது, அது ஏமாற்று.

இருபது ஆட்டம் போதுமா?

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த மாறிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை அப்படியே இருக்க வேண்டும். இங்கும் அதேதான். மூன்று விதிகளை ஒன்றாக மாற்றிவிட்டு ஆட்டம் சுவையாக இருக்கிறது என்றால், எந்த விதியால் சுவை வந்தது என்று யாருக்குத் தெரியும்?

நண்பர்களைக் கூட்டி ஆடுங்கள். யார் வென்றார், எத்தனை முறைகளில் முடிந்தது, எங்கே விதியில் குழப்பம் வந்தது என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குறித்து வையுங்கள். நிறங்களை மாற்றி மாற்றி ஆடுங்கள். இல்லாவிட்டால் திறமையான மாணவரின் வெற்றி, நிறத்தின் வெற்றிபோலத் தெரியும்.

முடிவுக்கு வருவதிலும் நிதானம் வேண்டும். சமநிலை இல்லாத 20 ஆட்டங்களில் வெள்ளை 13 வென்றால், “வெள்ளைக்குச் சாதகம்” என்று முடிவுகட்டலாமா? ஒரு நாணயத்தை 20 முறை சுண்டினால் 13 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு சுமார் 13 விழுக்காடு. தற்செயலாகவே அது நடக்கலாம். வெள்ளை 16 அல்லது அதற்கு மேல் வென்றால்? நாணயத்தில் அதற்கான வாய்ப்பு 1,000இல் ஏறத்தாழ 6தான். அப்போது உங்கள் விதியைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. முன்னாள் உலக வெற்றியாளர் விளாடிமிர் கிராம்னிக்கும் டீப்மைண்ட் ஆய்வாளர்களும் 2020இல் ஒன்பது மாற்று விதிகளைச் சோதித்தார்கள். ஆல்ஃபாஸீரோ என்ற கணினி நிரல் ஒவ்வொரு விதியிலும் தனக்குத்தானே ஆடிப் பழகியது. உங்களிடம் அந்தக் கணினி இல்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வியைக் கேட்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பெயரில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ‘சதுரங்கம்’ என்றால் நான்கு அங்கங்கள்: யானை, தேர், குதிரை, காலாள். மலாயில் ‘சாத்துர்’ என்பதும் அதே சொல்தான். மலாய்க்காரர்கள் ராணியை ‘மெந்திரி’ என்கிறார்கள். ஐரோப்பாவில் மறைந்துபோன அந்தப் பழைய அமைச்சர் இங்கே பெயரளவில் இன்னும் வாழ்கிறார். நாம் மந்திரி என்று அழைக்கும் காய் அவர்களுக்கு ‘காஜா’, அதாவது யானை. கோட்டைக்கு அவர்களிடம் வழங்கும் ‘தீர்’ என்ற பழைய பெயர், நம் ‘தேர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர் அறிஞர். விதிகள் மாறிப் பல நூற்றாண்டுகள் ஆகியும் பெயர்கள் பழைய ஆட்டத்தின் சாட்சியாக நிற்கின்றன. நீங்கள் வைக்கும் பெயரும் உங்களைவிட நீண்ட காலம் வாழலாம்.

அப்படியானால் நல்ல பெயர் எது? ‘மார்செய்’ என்பது ஊரைச் சொல்கிறது, விதியைச் சொல்லவில்லை. பாபி ஃபிஷர் 1996இல் அறிவித்த ஆட்டம் முதலில் அவர் பெயரால் வழங்கியது. பின்னர் ‘செஸ் 960’ என்ற பெயரும் நிலைத்தது. அந்தப் பெயர் ஒரு கணக்கு. பின்வரிசைக் காய்களை எத்தனை விதமாக அடுக்கலாம்? இரு மந்திரிகளும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் நிற்க 4 × 4 வழிகள், ராணிக்கு 6, குதிரைகளுக்கு 10. எஞ்சிய மூன்று இடங்களில் ராஜா நடுவிலும் கோட்டைகள் இருபுறமும் நிற்க ஒரே வழி. பெருக்கினால் 960. பெயரைப் பார்த்தே ஒரு மாணவர் விதியைத் தேடிப் போகலாம்.

நம் ஆட்டத்துக்கு ‘இரட்டை நகர்த்தல் சதுரங்கம்’ என்று பெயரிடலாமா? கால்வினின் ஆட்டமா, மார்செய்யா, நம்முடையதா என்று குழப்பம் வரும். ‘புயல் சதுரங்கம்’, ‘சூப்பர் செஸ்’ என்றால்? விளம்பரம்போல் இருக்கும், பொருள் இராது. ‘இருகாய்ச் சதுரங்கம்’ என்று வைக்கவே நான் விரும்புவேன். ஒரே காய் இருமுறை நகர்வதில்லை, இரண்டு காய்கள் நகர்கின்றன என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இதைவிட நல்ல பெயர் உங்களுக்குத் தோன்றினால் தாராளமாக வையுங்கள். வைக்குமுன் அதை நண்பர் ஒருவரிடம் சொல்லி, “விதி என்னவாக இருக்கும்?” என்று கேளுங்கள். அவர் ஓரளவாவது சரியாக ஊகித்தால் பெயர் தேறிவிட்டது.

போட்டிக்கு உதவுமா?

“இதனால் மாவட்டப் போட்டியில் வெல்ல முடியுமா?” என்று கழகப் பொறுப்பாசிரியர் கேட்பார். உண்மையைச் சொல்லிவிடுங்கள்: நேரடியாக உதவாது. போட்டிக்கு முந்தைய வாரம் இதை ஆடினால் பழக்கம் குழம்பவும் கூடும். பயிற்சிக்குப் பதிலாக இதைக் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு கழக நாளைத்தான் கேட்கிறேன்.

ஏனென்றால் பள்ளியில் நீங்கள் செய்வதெல்லாம் பிறர் எழுதிய விதிக்குள் சிறப்பாக ஆடுவது. தேர்வு, போட்டி, கைப்பேசி விளையாட்டு, எல்லாமே அப்படித்தான். நாளை நீங்களே விதி எழுத வேண்டிவரும்: ஒரு செயலிக்கு, ஒரு சங்கத்துக்கு, ஓர் அலுவலகத்துக்கு. அன்று “இந்த விதி எதை உடைக்கும்? யாருக்கு அநியாயம் செய்யும்? பெயர் சொல்வதைத்தான் செய்கிறதா?” என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். தவறான விதிக்கு ஒரு ராஜாவைத் தவிர வேறு யாரும் பலியாகாத இடத்தில் அதைப் பழகிக்கொள்வது நல்லது.

அடுத்த கழக நாளில் பலகையை விரியுங்கள். விதிகளை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். வெள்ளைக்கு முதலில் ஒரே ஒரு நகர்த்தல். பிறகு உங்கள் ஆட்டம் தொடங்கட்டும்.